பத்து நிமிடம்

சுவிட்சை இறக்கியாயிற்று.
பிளேடு மூன்றும் வாய் பிளந்து நிற்பதை
மூன்று பேரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தோம்.
இனி பத்து நிமிடம்
ஒருவரும் வேலி தாண்டக் கூடாது.

மஞ்சூரில் பத்து நிமிடம் என்பது
மூடுபனி மேலேறி வந்து
டிரான்ஸ்பார்மரை விழுங்கி
வேண்டாமென்று துப்பிவிட்டுப் போகும் நேரம்.

கெப்பாசிட்டர் வரிசையில் ஏழாவது டப்பா
வயிறு ஊதியிருக்கிறது. மாற்ற வேண்டும்.
வேலை அவ்வளவுதான்.
ஆனால் கம்பியில் ஓட்டம் நின்றாலும்
உள்ளே இருப்பது இருக்கிறது.
இரண்டு தகடு. நடுவே சிகரெட் தாளைவிட மெல்லிய படலம்.
இந்தப் பக்கம் மிகை, அந்தப் பக்கம் அதே அளவு குறை,
கூட்டிப் பார்த்தால் சுழி.
சுழிதானே என்று தொட்டவர்
ஒருவர் இருந்தார், என் காலத்துக்கு முன்.
அவர் நாற்காலி கண்ட்ரோல் ரூமில் கிடக்கிறது.
உட்கார்ந்தால் இடது கால் ஆடும்.

ஊதிய வயிற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.
மேலே கம்பியில் ஒரு சின்னான்.
அது வேறு லைன், உயிருள்ள லைன்.
இரண்டு காலும் ஒரே கம்பியில்;
பதினோராயிரம் வோல்ட்டும் அதற்குத் தரை.
போன மாதம் எஸ்டேட் சரிவில் அறுந்து விழுந்த கம்பியை
அந்தக் காட்டெருமை தொடவே இல்லை.
முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஐந்தடி,
அந்த ஐந்தடியில் ஈர மண் வைத்திருந்த வித்தியாசம்.
வாயில் புல் அப்படியே இருந்தது.

போஜன் இந்த ஓரம்.
சவரிநாதன் அந்த ஓரம்.
ஒரு கேஸ் சிலிண்டர் விவகாரம்,
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
"மேடம், ராடு எங்கன்னு கேளுங்க."
"ஜீப்புல இருக்குன்னு சொல்லுங்க மேடம்."
எட்டடி தூரத்தில் இருவரும் நிற்க
நான் நடுவில் நின்று
கேட்கிறேன், சொல்கிறேன்.

கடத்துகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ஆறாவது நிமிடத்தில் உறைத்தது:
நான் கம்பி அல்ல, படலம்.
வெறும் காற்று மட்டும் இருந்திருந்தால்
என்றோ ஒரு நாள் பொறி பறந்து
சட்டைப் பித்தான் நாலு அறுந்து
அன்றைக்கே தீர்ந்திருக்கும்.
நடுவே நல்ல படலம் வாய்த்தால்
அதே தகடு இன்னும் கூடுதலாகத் தேக்கும்.
பாடத்தில் இதற்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

புலம் என்றால் வயல் என்றும் பொருள்.
இந்த எட்டடியில் யாரும் விதைக்கவில்லை,
விளைந்து நிற்கிறது.

எட்டு நிமிடம்.
தேயிலை ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்,
போன் வந்ததுபோல் முதுகைத் திருப்பி.
பனி மறுபடி ஏறியது.
பத்து.
எர்த் கம்பியின் க்ளாம்ப் போஜன் கையில்,
ராடு சவரி கையில்,
ஒருவர் இறுக்கியது தெரியாமல் மற்றவர் தொட முடியாது,
பனியில் ஒருவருக்கு ஒருவர் வெறும் சாம்பல் நிறம்.
நான் திரும்பவில்லை.
சொட்டு சொட்டாக வேலியிலிருந்து தண்ணீர்.

"போஜா. இறுக்கிட்டியா?"

வெகுநேரம்.

"ம்."

டப்.
நீலமாக ஒரு பொட்டு, அவ்வளவுதான்.
ஏழாவது டப்பாவில் கொஞ்சம் சத்தமாக.

ஒருமுறை தொட்டால் போதாது என்று விதி.
படலத்துக்குள் ஊறிப்போனது
கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வரும்,
அதனால் முனைகளைக் கம்பியால் பிணைத்து
அப்படியே விட்டுவைக்க வேண்டும்.
பிணைத்தோம்.
போஜன் போல்ட்டில் கை வைத்தான்.
துருப்பிடித்த போல்ட், அசையவில்லை.
நிமிர்ந்தான். சவரியைப் பார்த்தான். பிறகு என்னை.

"மேடம், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக்
கொஞ்சம் கேளுங்க."